மகனோடு கயாக் கட்டுகிறேன், எந்தப் பலகை வாங்கலாம்?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்துவிட்டான். இந்த லீவில் இருவரும் சேர்ந்து 14 அடி மரக் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) கட்டப் போகிறோம். 4 எம்.எம். பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, எபாக்சி என்ற பிசின் (ரெசின்) பூசும் முறை. வரைபடம் வாங்கியாயிற்று. "மரைன் பிளைவுட் எதற்கு, வாட்டர்ப்ரூஃபே போதும். எபாக்சியும் வேண்டாம், ஃபைபர் படகு ரெசின் போதும்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
- வாசகர் ஒருவர், பரங்கிப்பேட்டை

பதில்: வேண்டாம். இந்த இரண்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

'வாட்டர்ப்ரூஃப்' என்பது கடைப் பேச்சு, தரத்தின் பெயர் அல்ல. மரைன் பிளைவுட்டுக்கான தர எண் ஐ.எஸ். 710. அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள். ஐ.எஸ். 303 என்று அச்சிட்டிருந்தால் அது பொது உபயோகப் பலகை. வீட்டு அலமாரிக்குச் சரி, படகுக்கு ஆகாது. வெறும் '710' முத்திரையையும் நம்பிவிட வேண்டாம். ஐ.எஸ்.ஐ. குறியோடு சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம், இன்னும் செல்லுமா என்பது தெரிந்துவிடும். இந்த வேலையை மகனிடம் கொடுங்கள்.

அப்புறம் பலகையின் ஓரத்தைச் சுற்றிலும் பாருங்கள். நடு அடுக்கில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால், வளைக்கும்போது அந்த இடத்தில்தான் ஒடியும். முதலில் ஒரே ஒரு ஷீட் வாங்கி, உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, நாலைந்து மணி நேரம் கொதிக்கவிட்டு வெயிலில் காயவையுங்கள். மறுநாள் இன்னொரு முறை. கத்தி முனையால் நெம்பினால் அடுக்கு பிரிகிறதா? அப்படியானால் அந்தச் சரக்கே வேண்டாம். தாங்கினால் மீதி ஷீட்டுகளை வாங்குங்கள்.

இனி ரெசின். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் ஓடிய கரை நம்முடையது. அவற்றில் தையல்தான் பலம். உங்கள் கயாக்கில் செம்புக் கம்பி பலகையைப் பிடித்து நிறுத்துவதற்கு மட்டுமே. பலம் முழுக்க எபாக்சியிலும் கண்ணாடி இழைத் துணியிலும் இருக்கிறது. கடைக்காரர் சொல்லும் பாலியெஸ்டர் ரெசின் அச்சில் வார்க்கும் ஃபைபர் படகுக்கு நல்லதுதான். மரத்தில் எபாக்சி அளவுக்குப் பிடிக்காது, நாளடைவில் உரிந்து வரும். படகுப் பட்டறையில் கிடைக்கும் 'மேட்'டும் (நெய்யாத கண்ணாடி இழை விரிப்பு) வேண்டாம். நெய்த துணி, 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) கேளுங்கள்.

எபாக்சியோடு கலந்து அதை இறுகவைப்பது ஹார்டனர். நம் ஊர் வெயிலுக்கு மெதுவாக இறுகவைக்கும் வகையை வாங்குங்கள். நிறையக் கலந்து கிண்ணத்தில் வைத்தால் சூடேறிப் புகையும். சீக்கிரம் காயட்டும் என்று பையன் ஹார்டனரைக் கூட்டி ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு தப்பினால் பிசுபிசுப்பு போகவே போகாது. நைட்ரைல் கையுறை இல்லாமல் இருவருமே தொடக் கூடாது. ஒரு முறை தோலுக்கு எபாக்சி ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே தடிக்கும்.

எபாக்சி வெயிலில் கெடும், மேலே யு.வி. தாங்கும் வார்னிஷ் வேண்டும். பில்லில் 'ஐ.எஸ். 710, 4 எம்.எம்.' என்று எழுதி வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்ல அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

லைஃப் ஜாக்கெட்டை ஆன்லைனில் வாங்காமல் மகனைக் கூட்டிப் போய்ப் போட்டுப் பாருங்கள். வாரை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கும்போது காது வரை ஏறினால் அது அவனுக்குப் பெரிது.