ஜாஸும் 1959ஆம் ஆண்டும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஜாஸ் கேட்கத் தொடங்கி எட்டு மாதங்கள்தான் ஆகின்றன. எங்கிருந்து தொடங்குவது என்று யாரைக் கேட்டாலும் 1959 என்ற ஓர் ஆண்டையே சுட்டிக்காட்டுகிறார்கள். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’, டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’ ஆகிய இரண்டு இசைத்தட்டுகளையும் பலமுறை கேட்டுவிட்டேன். பிடித்திருக்கின்றன, ஆனால் புரட்சி என்று எதுவும் என் காதில் விழவில்லை. முதலாவதில் வரும் ‘ஸோ வாட்’ எனக்குக் கரகரப்பிரியா ராகமாகவே கேட்கிறது; இரண்டாவதில் வரும் ‘டேக் ஃபைவ்’ கண்ட சாபு தாளம். நம்மிடம் நெடுங்காலமாக இருப்பதை அவர்கள் அந்த ஆண்டில் கண்டடைந்தார்கள் என்பதுதானா விஷயம்? ‘கைண்ட் ஆஃப் புளூ’வை ஒத்திகையே இல்லாமல் ஒரே மூச்சில் வாசித்துப் பதிவுசெய்தார்கள் என்று சொல்வதும் உண்மையா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. ‘ஸோ வாட்’ அமைந்திருக்கும் டோரியன் என்ற சுரவரிசையின் சுரங்களும் கரகரப்பிரியாவின் சுரங்களும் ஒன்றே. ஆனால் நான்கு அட்சரம் கொண்ட அளவுகளாக எண்ணிக்கொண்டு அதை இன்னொரு முறை கேளுங்கள். 16 அளவுகள் வரை ஒரே சுருதியில் நிற்கும் பாட்டு, அடுத்த 8 அளவுகளுக்கு அப்படியே அரைக்கட்டை மேலேறி, கடைசி 8 அளவுகளுக்குப் பழைய இடத்துக்கு இறங்கிவிடுகிறது. நம் கச்சேரியில் ஒருவர் ராகத்தின் நடுவே தம்புராவை அரைக்கட்டை ஏற்றி, சிறிது நேரத்தில் இறக்கினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். கமகமும் இல்லை, பிடிகளும் இல்லை, ராகத்துக்கென்று ஒரு நடத்தையும் இல்லை. இருப்பது ஏழு சுரங்களும் அவற்றில் உலவ நிறைய இடமும்தான். எனவே அவர்கள் ராகத்தைக் கண்டடைந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். எதைக் கைவிட்டார்கள் என்று பார்த்தால்தான் அந்த ஆண்டு புரியும்.

அவர்கள் கைவிட்டது கார்டுகளின் ஓட்டத்தை. 1940களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் உருவாக்கிய பீபாப் பாணியில், பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் கார்டுகள் ஓர் அளவுக்கு ஒன்றாகவோ இரண்டாகவோ மாறிக்கொண்டே இருக்கும். மனோதர்மமாக வாசிப்பவர் அந்த மாற்றம் ஒவ்வொன்றுக்கும் அந்தக் கணத்திலேயே விடை சொல்லியாக வேண்டும். பார்க்கரைப் போன்ற ஒரு மேதையின் கையில் அது அற்புதமாக இருந்தது. அவருக்குப் பின் வந்தவர்களிடம் விரைவிலேயே பாடம் ஒப்பிப்பதாக மாறியது. 1955இல் பார்க்கர் இறந்த பிறகு, இந்தக் கார்டு வேலியைத் தாண்டுவது எப்படி என்பதே அந்தத் தலைமுறையின் கேள்வியாக இருந்தது. இசையமைப்பாளர் ஜார்ஜ் ரஸ்ஸல் 1953லேயே சுரவரிசைகளை அடிப்படையாகக் கொண்ட ஒரு கோட்பாட்டு நூலை வெளியிட்டிருந்தார். மைல்ஸும் 1958இல் ‘மைல்ஸ்டோன்ஸ்’ பாட்டில் அவ்வழியைத் தொட்டுப்பார்த்துவிட்டார். ஆகவே எதுவும் 1959இல் திடீரென முளைத்ததல்ல. அந்தக் கேள்விக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல விடைகள் ஒரே ஆண்டில் பதிவாகிவிட்டன என்பதே அதன் சிறப்பு.

இதை ஜான் கோல்ட்ரேன் என்ற ஒரே மனிதரை வைத்தே காட்டிவிடலாம். 1959 ஏப்ரல் 22 அன்று நியூயார்க்கின் 30ஆவது தெருவில், பழைய தேவாலயம் ஒன்றைக் கொலம்பியா நிறுவனம் ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றி வைத்திருந்த இடத்தில், மைல்ஸின் குழுவில் ஒருவராக அவர் ‘கைண்ட் ஆஃப் புளூ’வின் இரண்டாவது, கடைசி அமர்வில் டெனர் சாக்ஸஃபோன் வாசித்தார். கார்டுகளை ஏறக்குறைய ஓய்வெடுக்கச் சொல்லிவிட்ட இசை அது. பன்னிரண்டே நாட்களில், மே 4 அன்று, அட்லாண்டிக் நிறுவனத்துக்காகத் தன் சொந்தக் குழுவோடு ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பதிவில் இறங்கினார். அந்தத் தலைப்புப் பாட்டு முற்றிலும் எதிர்த்திசையில் ஓடுகிறது. ஒரு ஸ்தாயியைச் சம தூரத்தில் மூன்றாகப் பிரித்து, அந்த மூன்று இடங்களையும் மாறி மாறி ஆதார சட்ஜமாக்கிக்கொண்டு, 16 அளவுகள் கொண்ட ஒரு சுற்றை ஏறத்தாழ 13 விநாடிகளில் முடித்துவிடுகிறது. வேலி இல்லாத வெளியில் உலவிவிட்டு வந்தவர், இரண்டு வாரங்களுக்குள் வேலிகளை நெருக்கமாக நட்டு அவற்றின் ஊடே ஓடிப்பார்க்கிறார். இவ்விரண்டில் எது அடுத்த காலத்தின் இசை என்று அன்று அவருக்கே தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

மூன்றாவது விடை ஆர்னெட் கோல்மனுடையது. மே 22 அன்று ஹாலிவுட்டில் அவர் பதிவுசெய்த ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ இசைத்தட்டில் பியானோவே கிடையாது. கார்டுகளை எடுத்துரைக்கும் வாத்தியத்தையே மேடையிலிருந்து இறக்கிவிட்டால் அவற்றுக்குக் கட்டுப்பட வேண்டிய தேவையும் குறைந்துவிடுகிறது. நவம்பர் 17 அன்று, வெள்ளை பிளாஸ்டிக்கால் ஆன தன் சாக்ஸஃபோனுடன் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் அவர் வாசிக்கத் தொடங்கியபோது, மேற்கத்திய செவ்விசை நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் வந்து கேட்டு மகிழ்ந்தார்; மூத்த ஜாஸ் கலைஞர்கள் பலர் முகம் சுளித்தார்கள். நீங்கள் தேடும் புரட்சி இதில்தான் இருக்கிறது. ‘லோன்லி வுமன்’ என்ற ஒரு பாட்டை மட்டும் முதலில் கேளுங்கள். முழுத்தட்டையும் ஒரே நாளில் கேட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

‘டேக் ஃபைவ்’ பற்றி உங்களோடு சிறிது மாறுபடுகிறேன். ஐந்து என்ற எண்ணிக்கை சரிதான். ஆனால் கண்ட சாபு இரண்டும் மூன்றுமாக விழுகிறது, புரூபெக் குழுவின் சாக்ஸஃபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் இயற்றிய இந்தப் பாட்டு மூன்றும் இரண்டுமாக விழுகிறது. தட்டிப் பார்த்தால் உடனே கைக்குத் தெரிந்துவிடும். புரூபெக் நம் பக்கம் வராதவர் அல்லர். அமெரிக்க அரசு 1958இல் அவருடைய குழுவைத் துருக்கி முதல் இந்தியா, இலங்கை வரை அனுப்பியது. அந்தப் பயணத்தின் பயனாக அதே ஆண்டில் வந்த இசைத்தட்டில் ‘கல்கத்தா புளூஸ்’ என்றே ஒரு பாட்டு இருக்கிறது. ஆனால் ‘டைம் அவுட்’டின் தொடக்கத்தில் இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று ஒன்பதாக ஓடும் தாளம் இஸ்தான்புல் தெருவில் வாசித்தவர்களிடம் அவர் கேட்டது. அந்தப் பெருமையைத் துருக்கியருக்கு விட்டுவிடுவோம்.

இந்த ஆண்டைப் பொற்காலமாக மட்டும் எழுதுபவர்களோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மார்ச் 15 அன்று சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங் இறந்தார். இரண்டு மாதங்களுக்குள் பாஸ் வாத்தியக் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் அவருக்காக ‘குட்பை போர்க் பை ஹேட்’ என்ற இரங்கற்பாவைப் பதிவுசெய்தார். யங் ‘லேடி டே’ என்று பெயர் சூட்டி அழைத்த பாடகி பில்லி ஹாலிடே ஜூலை 17 அன்று, 44 வயதில், போதைப்பொருள் வைத்திருந்ததாகக் கைதுசெய்யப்பட்ட நிலையில் மருத்துவமனைக் கட்டிலிலேயே உயிர்விட்டார். ஆகஸ்ட் 17 அன்று ‘கைண்ட் ஆஃப் புளூ’ வெளியானது. எட்டு நாள் கழித்து, தான் வாசித்துக்கொண்டிருந்த பேர்ட்லேண்ட் விடுதியின் வாசலில் இடைவேளையில் நின்றிருந்த மைல்ஸைப் போலீஸார் தலையில் இரத்தம் வழிய அடித்துக் கைதுசெய்தார்கள். மிங்கஸ் அதே ஆண்டுத் தட்டில், லிட்டில் ராக் நகரப் பள்ளியில் கறுப்பின மாணவர்களைத் தடுத்த ஆளுநர் ஃபாபஸைப் பகடி செய்யும் பாட்டையும் சேர்த்தார். கொலம்பியா நிறுவனம் அதன் சொற்களை அனுமதிக்காததால் அது வெறும் வாத்திய இசையாகவே வெளிவந்தது. புரட்சி எதுவும் உங்கள் காதில் விழாத அந்த இசை இந்தச் சூழலில் பிறந்தது.

அன்றைய ரசிகருக்கு 1959 இப்படித் தெரிந்திருக்கவும் முடியாது. ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ கடைக்கு வந்தது 1960இல். ‘டைம் அவுட்’ வந்தது டிசம்பர் நடுவில். ‘டேக் ஃபைவ்’ பரவலான வெற்றி பெற்றது 1961இல். பின்னால் வந்தவர்கள் பதிவு நாட்குறிப்புகளைப் பார்த்துக் கட்டிய ஆண்டு இது.

ஒரே மூச்சில் வாசித்தார்கள் என்பது பாதி உண்மை. மைல்ஸ் குறிப்புகளை அமர்வுக்கு முன்புதான் கொடுத்தார் என்று பியானோ வாசித்த பில் எவன்ஸ் அந்தத் தட்டின் உறையிலேயே எழுதினார். ஆனால் தொடங்கி இடையில் நிறுத்திய முயற்சிகளும் ஒலிநாடாவில் இருக்கின்றன. முதன்முறையாக முழுமையாக வாசித்ததே பெரும்பாலும் தட்டில் ஏறியது. ‘ஃபிளமென்கோ ஸ்கெட்ச்சஸ்’ ஒன்றுக்கு மட்டும் முழுதாக இன்னொரு பதிவு உண்டு.

அடுத்து எதைக் கேட்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ தலைப்புப் பாட்டில் கோல்ட்ரேன் முடித்த பிறகு பியானோவில் டாமி ஃபிளனகனின் முறை வருகிறது. தேர்ந்த கலைஞரான அவர் அந்த வேகத்தில் தடுமாறுகிறார். சொற்றொடர்கள் அறுந்து விழுகின்றன. கடைசியில் தனிச்சுரங்களை விட்டுவிட்டு வெறும் கார்டுகளாகத் தட்டிக் கரையேறுகிறார். கோல்ட்ரேன் அதை அப்படியே வெளியிட்டார். ஃபிளனகன் 1982இல், கோல்ட்ரேன் இறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, அதே பாட்டைத் தன் குழுவோடு மீண்டும் பதிவுசெய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.