பரங்கிக்காய் பிஸ்கட் என்ன விலை?

மதுரையிலிருந்து ஒரு வாசகி: எங்கள் லாப்ரடார் நாய்க்கு எதைக் கொடுத்தாலும் வயிறு இளகிவிடுகிறது. பரங்கிக்காய் பிஸ்கட் மட்டும் ஒத்துக்கொள்கிறது. ஆனால் 200 கிராம் 480 ரூபாய். வீட்டில் செய்ய முடியாதா?

தாராளமாக. கால் கிலோ பரங்கிக்காயைத் தோலும் விதையும் நீக்கி இட்லிப் பானையில் ஆவியில் வேகவையுங்கள். தண்ணீரில் போட்டு வேகவைக்காதீர்கள், அப்புறம் எவ்வளவு மாவு கொட்டினாலும் பிசுபிசுப்பு போகாது. மசித்து, மெல்லிய துணியில் கட்டிப் பிழியுங்கள். அரிசி மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கையில் ஒட்டாத பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். மெலிதாகத் தட்டி, விரல் நகம் அளவுக்கு வெட்டி, ஓவனில் 150 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். ஓவன் இல்லையென்றால் தோசைக்கல்லே போதும்: சிறு தீ, எண்ணெய் வேண்டாம், இரு பக்கமும் திருப்பிப் போட வேண்டும். உப்பு, வெல்லம், நெய் எதுவும் கூடாது. வாசனைக்கு ஒரு சொட்டு நெய் என்று பாட்டி கேட்டாலும் கூடாது. கொழுப்பு இந்த மாதிரி வயிற்றுக்கு ஆகாது.

முதல் நாள் இரண்டு துண்டோடு நிறுத்துங்கள். நாலைந்து நாள் வேறு புதிய பண்டம் எதையும் கொடுக்காதீர்கள். அப்போதுதான் எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். பரங்கிக்காயின் நார்ச்சத்து குடலில் தண்ணீரை இழுத்துப் பிடிப்பதால்தான் மலம் கெட்டியாகிறது. அதுவே அளவு மீறினால் மறுபடி பேதிதான். தின்பண்டம் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் உணவின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

கோவை வாசகர்: சாம்பாரில் வெந்த கேரட்டை நன்றாகக் கழுவிக் கொடுக்கலாமா?

கூடாது. வெங்காயச் சாறு காய்க்குள் இறங்கியிருக்கும், கழுவினால் போகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

சென்னை, அம்பத்தூர்: 'முழுக்க முழுக்க காய்கறி' என்று போட்ட நாய் பிஸ்கட் வாங்குகிறேன். பாக்கெட்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கிறது. நம்பலாம்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அந்த எண்ணுக்கு அடிப்படையான உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் வந்தது. 'உணவு' என்றால் என்ன என்று சொல்லும் பிரிவிலேயே விலங்குத் தீவனத்தை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. நீங்கள் தின்னும் பிஸ்கட்டில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. உங்கள் நாய் தின்னும் பிஸ்கட்டுக்கு அந்த விதி கிடையாது. ஆகவே அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, நாய்க்கு ஏற்றது என்று யாரோ சோதித்திருப்பதாக நினைக்காதீர்கள்.

நானும் அப்படி ஒரு பாக்கெட்டுக்கு 350 ரூபாய் அழுதவன். முன்பக்கம் கேரட், பட்டாணி, கீரை என்று ஒரு காய்கறிச் சந்தையே அச்சடித்திருந்தது. பின்பக்கம், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தால், கோதுமை மாவு, சோள மாவு, கிளிசரின், நிறமூட்டி. கடைசி வார்த்தையாக 'காய்கறிப் பொடி'. எத்தனை சதவீதம் என்று இல்லை. பச்சையில் பாதி, ஆரஞ்சில் பாதி என்று கலர் கலராகத் துண்டுகள். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தே தெரியாது! அந்தச் சாயம் காசு கொடுக்கிற நமக்காகப் பூசியது. வயிறு சரியில்லாத நாய்க்கு எதற்கு அது?

வாங்குவதானால் ஒரே ஒரு பொருள் எழுதியிருக்கும் பாக்கெட்டை வாங்குங்கள். 'சர்க்கரைவள்ளிக்கிழங்கு', அவ்வளவுதான். அதையும் வீட்டில் செய்யலாம் என்பது வேறு விஷயம்.

திருப்பூர் வாசகர்: ஒரு ரீல் பார்த்து 7,500 ரூபாய்க்கு டீஹைட்ரேட்டர் (காய், கிழங்கு உலர்த்தும் மெஷின்) வாங்கினேன். இரண்டாம் வாரமே ஃபேன் சுற்றவில்லை. பில் வாங்கவில்லை, ஜிபேயில் தனி நபர் எண்ணுக்கு அனுப்பினேன். என்ன செய்யலாம்?

பில் இல்லை, கடைப் பெயர் இல்லை, முகவரி இல்லை. ரீலில் ஆடிய நாயைப் பார்த்தீர்கள், விற்பவர் யாரென்று பார்க்கவில்லை. பணம் அனுப்பிய விவரத்தையும் பேசிய வாட்ஸப்பையும் அழிக்காமல் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அதற்கு மேல் நான் நம்பிக்கை தர மாட்டேன். கிழங்கைக் காய வைக்க மெஷினே வேண்டாம். அரை விரல்கடை கனத்தில் சீவி, சாதாரண ஓவனில் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம், நடுவில் ஒரு தடவை திருப்பிப் போட்டால் தோல் போல வளையும். என் வீட்டு டீஹைட்ரேட்டர் பரணில் இருக்கிறது, வேண்டுமானால் சொல்லுங்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: வயதான நாய்க்காக 2,400 ரூபாய்க்குக் காய்கறித் தின்பண்டம் இணையத்தில் வாங்கினேன். உள்ளே பச்சைப் பூஞ்சை. கவனிக்காமல் கொடுத்த இரண்டு துண்டிலேயே வாந்தி. மருத்துவருக்கு 900 ரூபாய். 'உணவுப் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள்.

அம்மா, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. சீல் போட்டு வந்ததை நம்பித்தானே பிரித்தீர்கள்? 'திரும்ப எடுக்க மாட்டோம்' என்று அவர்கள் எழுதி வைத்துக்கொண்டால் அது சட்டமாகிவிடாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவும் பணம் தரவும் விற்பவர் மறுக்க முடியாது. பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தேதியும் பேட்ச் எண்ணும் தெரிகிற மாதிரி படம் எடுத்து, மருத்துவர் சீட்டு, ரசீதோடு முதலில் அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஃபோனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. மசியவில்லை என்றால் 1915. அதுவும் ஆகவில்லை என்றால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் உங்கள் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. மருத்துவச் செலவு 900-ஐயும், அலைச்சலுக்கு நஷ்ட ஈட்டையும் சேர்த்தே கேளுங்கள்.

நாகர்கோவில்: சர்க்கரை சேர்க்காத கடலை வெண்ணெயைக் கேரட்டில் தடவிக் கொடுக்கிறேன். சரிதானே?

லேபிளில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் இனிப்பூட்டி) அல்லது அதன் குறியீடான 967 என்ற எண் இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள். இருந்தால் குப்பையில் போடுங்கள். நாயின் ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். ஏற்கெனவே தின்றிருந்தால் இந்தப் பதிலை முழுக்கப் படிக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

சேலம்: பரங்கிக்காய் பிஸ்கட்டை இரண்டு கிலோ செய்து டப்பாவில் வைத்தால் மாதக்கணக்கில் வருமா?

வராது. ஃப்ரிட்ஜில் நாலு நாள், மீதியை ஃப்ரீசரில் வையுங்கள்.

ஈரோடு வாசகி: நான் செய்யும் பரங்கிக்காய் பிஸ்கட்டை அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். விற்கலாமா?

விற்கலாம். பாக்கெட்டில் அடைத்து விற்றால் உங்கள் பெயர், முகவரி, எடை, தயாரித்த தேதி, எல்லா வரிகளும் அடங்கிய விலை, புகாருக்கு ஒரு தொலைபேசி எண் இவற்றை அச்சிட வேண்டும். உள்ளே என்னென்ன எத்தனை சதவீதம் என்பதையும் போடுங்கள், சட்டம் கேட்காவிட்டாலும் நான் கேட்கிறேன். முன்பக்கத்தில் காய்கறிப் படம் போடுவதாக இருந்தால் பரங்கிக்காய் மட்டும்.