ஏமாற்றத்துக்குப் பிறகு விசுவாசமும் ஊழியமும் உண்மையிலேயே கைகொடுக்குமா? உங்கள் அனுபவம் என்ன?

எனக்குக் கைகொடுத்தது. ஆனால் சபையில் மைக் பிடித்துச் சொல்கிற சாட்சி மாதிரி நடக்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாளையங்கோட்டைப் பக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். ஏழு வருஷம் அரசு உயர் பதவிகளுக்கான குரூப் 1 தேர்வுக்குப் படித்தேன், வேறு வேலை எதற்கும் போகவில்லை, தங்கை கல்யாணத்தன்றுகூட மொட்டைமாடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவன் நான். இரண்டு தடவை நேர்காணல் வரை போனேன். இரண்டாவது பட்டியலிலும் என் எண் இல்லை, அதோடு வயது வரம்பும் தாண்டிவிட்டது.

அப்புறம் ஆறுதல் சொல்ல வந்தார்களே, அதுதான் பெரிய சோதனை. வருகிறவர்கள் எல்லாரும் பைபிளில் எரேமியா 29:11-ஐச் சொன்னார்கள். எங்கள் வீட்டு காலண்டரிலும் அதே வசனம்தான், "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." "கர்த்தர் உனக்குப் பெரிசா ஏதோ வச்சிருக்காரு தம்பி" என்று ஒரு அத்தை சொன்னபோது எழுந்து உள்ளே போய்விட்டேன். ஒன்றரை வருஷம் கோயில் (எங்கள் சர்ச்) பக்கமே போகவில்லை. தூக்கம் போய், மருத்துவரைப் பார்த்து ஆறு மாதம் மாத்திரையும் சாப்பிட்டேன். இதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஜெபம் பண்ணினால் போதும் என்று யாராவது சொல்லி நீங்கள் மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

திரும்பிப் போனது பக்தியினால் அல்ல. சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசன விழாவுக்கு முந்தின நாள், காய் நறுக்கப் போக வேண்டிய அப்பாவுக்கு முட்டுவலி, அவருக்குப் பதிலாக என்னை அனுப்பினார்கள். கோயில் வளாகத்தில் மூட்டை மூட்டையாக வெங்காயம். ராத்திரி ஒரு மணி வரை உரித்தோம், யாரும் தேர்வைப் பற்றிக் கேட்கவில்லை. வெங்காயத்தின் சாக்கில் நானும் கொஞ்சம் அழுதேன். கிளம்பும்போது போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார், "காலைல வண்டி சும்மாதான நிக்கும்? வாயேன், ஒரு வீடு வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றார்.

அந்த வீட்டில் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக ஒரு தாத்தா. கிறிஸ்தவர் அல்ல, உபதேசியாருக்கு டீக்கடைப் பழக்கம், அவ்வளவுதான். முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். நாற்றம் தாங்காமல் நான் வெளியே வந்து நின்றுவிட்டேன். மறுநாள் போயிருக்கவே மாட்டேன், ஆனால் வண்டி என்னுடையது.

எங்கள் சபையில் ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது, தூக்கி வைக்க வேண்டும், இழுத்தால் தோல் உரியும். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கவே கூடாது (நல்லது என்று நினைத்து எல்லாரும் தேய்ப்பார்கள்). குதிகால் மெத்தையில் படாதபடி காலுக்கு அடியில் தலையணை. இரண்டு மணிக்கொரு தடவை ஒரு மனிதரைத் திருப்பிப் படுக்க வைக்கிறவனுக்கு, என் வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று யோசிக்க நேரமில்லை. தாத்தாவுக்குத் தினத்தந்தி வாசித்துக் காட்டுவேன். முதலில் இரங்கல் விளம்பரங்கள், அப்புறம்தான் மற்ற செய்தி, அந்த வரிசையை மாற்றினால் கோபம் வரும்.

அந்த நாட்களில்தான் எரேமியா 29-ஐ முதல் வசனத்திலிருந்து படித்தேன். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம். காலண்டர் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே, திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. கடிதம் வாசித்துக் கேட்டவர்களில் பாதிப்பேர் ஊருக்குத் திரும்பியே இருக்க மாட்டார்கள்! அதற்கும் முன்னால், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைக் கொண்டுபோய் விட்ட அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று இருக்கிறது. எனக்கு யாரும் இந்தப் பகுதியைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அத்தை பேசும்போது எழுந்து உள்ளே போயிருக்க மாட்டேன்.

டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி ஞாயிறு பள்ளியில் படித்திருப்பீர்கள். சீனாவுக்குப் போக இருந்தவரை உடல்நிலை சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். ஜப்பானுக்குப் போய் அங்கேயும் நோயில் விழுந்தார். 1895-ல் இந்தியா வந்தார், அதன் பிறகுதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அம்மா ஆனார். சிறு பிள்ளையில் இதைக் கேட்டபோது என் மனதில் நின்றது இந்தப் பாதிதான். இப்போது நிற்பது 1931-ல் அவர் கீழே விழுந்து, 1951-ல் இறக்கும்வரை இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்த பாதி. அதற்கு யாரும் அவருக்குக் காரணம் சொல்லியிருக்க முடியாது.

எனக்கும் காரணம் கிடைக்கவில்லை. நான் ஏன் தேர்ச்சி பெறவில்லை என்று கர்த்தர் இன்றுவரை சொல்லவில்லை, "இதற்காகத்தான் தோற்கடித்தார்" என்று யாராவது சொன்னால் இப்போதும் எரிச்சல்தான் வரும். ஆனால் ஜெபம் மாறிவிட்டது. முன்பு என் பதிவு எண்ணைச் சொல்லி ஜெபித்தேன், இப்போது ஆட்களின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். தாத்தா எட்டு மாதத்தில் போய்விட்டார். புண் முழுதாக ஆறவில்லை, நாற்றம் மட்டும் நின்றிருந்தது.

பிழைப்புக்கு டியூஷன் எடுக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் வீடு வீடாகப் போகிறோம், இப்போது நாலு பேர். படித்த படிப்பு வீணாகவில்லை என்று சொல்ல மாட்டேன், பாதி வீண்தான். மீதிப் பாதி மனு எழுத உதவுகிறது. முதியோர் உதவித்தொகை, மாற்றுத்திறனாளி சான்று, இதற்கெல்லாம் எந்தத் தாளை எங்கே கொடுப்பது என்று இந்த வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை.

ஊழியம் என்றவுடன் மேடையைத் தேடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். உங்கள் சபையில் படுக்கையில் இருப்பவர்கள் யார் யார் என்று ஐயரிடம் (போதகரிடம்) கேளுங்கள், பெயர் இருக்கும். போன வாரம் ஒரு பாட்டியின் மனு வயதுச் சான்று இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் போக வேண்டும், பத்து மணிக்குள் போனால்தான் வரிசையில் உட்கார இடம் கிடைக்கும், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.