மலைப்பாதையில் பாட்டு: வாசகர் கேள்வி – பதில்

பாக்கெட் பிளேயர், பழைய ஐபாட், சிம் இல்லாத செல்போன் என்று எதில் பாட்டு இருந்தாலும், அதை வண்டி செட்டில் ஒழுங்காகக் கேட்பது எப்படி? பழனி மலைப் பக்கத்து வாசகர்கள் இதைப் பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் காரில் ஆக்ஸ் ஓட்டை (வெளிப் பிளேயரை வயர் போட்டு இணைக்கும் துளை) கிடையாது. லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் மாட்டியிருக்கிறேன். வத்தலக்குண்டில் சுத்தமாகப் பாடுகிறது. மலை ஏற ஏற இரைச்சல். சில வளைவுகளில் பாட்டுக்கு நடுவே வேறு நிலையம் பேசுகிறது. கருவி மட்டமா? – டாக்ஸி ஓட்டுநர், பெருமாள்மலை

பதில்: கருவி மேல் தப்பில்லை. பிளேயரின் பாட்டை அது எஃப்.எம். அலையாக்கி வண்டி ரேடியோவுக்கு அனுப்புகிறது; அந்த அலை மிகச் சன்னமானது. டாஷ்போர்டிலிருந்து வண்டியின் ஏரியல் வரை போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் அதைச் செய்கிறார்கள். எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்ப்பார்வையில் போகும். கீழே இருக்கும்வரை தூரத்து நிலையங்கள் உங்களுக்கு எட்டாது. டம்டம் பாறைப் பக்கம் சமவெளி திறந்து கிடக்கும் வளைவுக்கு வந்துவிட்டால், கீழே உள்ள ஊர்களின் நிலையங்கள் எல்லாம் உங்கள் ஏரியலுக்கு நேராக வந்துவிடுகின்றன. ஒரே அலைவரிசையில் இரண்டு வந்தால் எஃப்.எம். ரேடியோ வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். அதனால்தான் வெளிப்பக்க வளைவில் யாரோ செய்தி வாசிக்கிறார்கள். மலை மறைக்கும் அடுத்த வளைவில் உங்கள் பாட்டு திரும்பி வருகிறது.

இதோடு கோடை பண்பலை வேறு. 100.5 மெகாஹெர்ட்ஸில் கொடைக்கானலிலிருந்தே ஒலிபரப்பாகி தென் மாவட்டங்கள் பலவற்றுக்கும் போகிற நிலையம் அது. ஊருக்குள் அதன் அலை செட்டின் ரேடியோவையே திணறடிக்கும். ஆகவே 99-லிருந்து 102 வரை உள்ள பக்கமே போகாதீர்கள். 87.5-க்கு அருகிலோ 108-க்கு அருகிலோ தேடுங்கள்.

தேடும் இடமும் முக்கியம். கார் ஷெட்டில் நின்று தேடினால் பயனில்லை. சமவெளி தெரியும் திறந்த இடத்தில் வண்டியை ஓரம்கட்டி, டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு, ரேடியோவில் வெறும் ‘ஸ்ஸ்’ மட்டும் கேட்கும் எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதற்கு மேலும் கீழும் 0.2 தள்ளிப் பார்த்தாலும் காலியாகவே இருக்க வேண்டும். அப்புறம் டிரான்ஸ்மிட்டரை அந்த எண்ணுக்கு வையுங்கள். இப்படி இரண்டு எண்களைக் கண்டுபிடித்து செட்டில் பதிந்து வைத்தால், ஒன்று கெட்டால் மற்றொன்றுக்கு மாறலாம். கூரை ஏரியல் திருகிக் கழற்றும் வகை என்றால், கழற்றி உள்ளே வைத்துப் பாருங்கள். வெளி நிலையங்கள் மெலிந்து, பக்கத்திலிருக்கும் உங்கள் கருவி மேலே வரும். பிளேயரின் வால்யூம் முக்கால் அளவில் இருக்கட்டும். முழுசாக வைத்தால் குரல் உடையும்.

இவ்வளவும் செய்தாலும் வயருக்கு ஈடாகாது. செட்டை ஒருமுறை வெளியே இழுத்துப் பின்பக்கம் பாருங்கள். முன்னால் ஓட்டை இல்லாத சில செட்டுகளில் பின்னால் சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. துளைகள் இருக்கும். ‘ஆக்ஸ் இன்’ என்று எழுதியிருந்தால், ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறு முனையில் இரண்டு ஆர்.சி.ஏ. பின்னும் உள்ள கேபிள் போதும். சிவப்பு வலது, வெள்ளை இடது. ‘பிரீ அவுட்’ என்று எழுதிய துளை ஆம்ப்ளிஃபயருக்குப் போவது, அதில் செருகிப் பலனில்லை.

கேள்வி: காய்கறி ஏற்றும் பிக்கப்பில் ஆக்ஸ் கேபிள் போட்டு பிளேயரை இணைத்திருக்கிறேன். கூடவே சார்ஜும் போடுகிறேன். ஸ்பீக்கரில் ‘உய்ங்’ என்று ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் சேர்ந்து ஏறுகிறது. எர்த் வயரைக் கழற்றிவிட்டால் போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா? – பூம்பாறை

பதில்: செய்யவே செய்யாதீர்கள். செட்டின் கறுப்பு எர்த் வயரைக் கழற்றினால், அது இழுக்கும் கரன்ட் திரும்பிப் போக வேறு வழி தேடும். கிடைக்கும் வழி ஆக்ஸ் கேபிளின் சன்னமான ஷீல்டு (உள் வயர்களைச் சுற்றியிருக்கும் கம்பி உறை). அதன் வழியாகப் போய் பிளேயரும் சார்ஜரும் புகைந்துவிடலாம்.

சத்தத்தின் காரணம் இது. ஆல்டர்நேட்டர் (இன்ஜினோடு சுற்றி வண்டிக்குக் கரன்ட் தரும் கருவி) தரும் மின்சாரத்தில் சிறு அலைவு எப்போதும் இருக்கும், இன்ஜின் வேகத்தோடு அதுவும் வேகமாகும். உங்கள் பிளேயர் இப்போது இரண்டு இடத்தில் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது: சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் கேபிள் வழியாக இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள மிகச் சிறிய வோல்டேஜ் வித்தியாசத்தைச் செட் பாட்டு என்று நினைத்துப் பெரிதாக்குகிறது.

எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிடுங்கள். சார்ஜரைப் பிடுங்கினால் சத்தம் உடனே நின்றுவிட்டதா? அப்படியானால் மேலே சொன்னதுதான். சார்ஜரைப் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் செட்டின் எர்த் சரியில்லை. இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருக்கும்போதே கரகரவென்று வருகிறதா? அது சார்ஜருக்குள்ளிருந்து வரும் சத்தம், சார்ஜரை மாற்றுங்கள்.

காசில்லாத வழி, ஓட்டும்போது பிளேயரை பேட்டரியிலேயே ஓடவிட்டு, இரவில் வீட்டில் சார்ஜ் போடுவது. சார்ஜ் போட்டுக்கொண்டேதான் கேட்க வேண்டும் என்றால் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்று கேட்டு வாங்குங்கள். தீப்பெட்டி அளவில் இருக்கும். உள்ளே இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். பாட்டு காந்தப் புலத்தின் வழியாகத் தாண்டிவிடும், எர்த் தொடர்பு அங்கேயே அறுந்துவிடும். பிளேயருக்கும் கேபிளுக்கும் நடுவில் மாட்ட வேண்டும். இதற்குத் தனி கரன்ட் தேவையில்லை. மலிவானவற்றில் தவில், பேஸ் கிடார் சத்தம் மெலியும். முடிந்தால் கடையிலேயே உங்கள் பாட்டைப் போட்டுக் கேட்டு வாங்குங்கள்.

எர்த் சரியில்லை என்றால், கறுப்பு வயரின் முனையில் வளைய டெர்மினல் போட்டு, பாடியில் பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பு மேல் போல்ட் வைத்து இறுக்குங்கள். மஞ்சு இறங்கும் ஊரில் அந்த இடம் சீக்கிரம் துருப்பிடிக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிவிடுங்கள்.

வால்யூமையும் கவனியுங்கள். பிளேயரைக் குறைவாக வைத்துச் செட்டை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். பிளேயரை முழு அளவில் முக்கால் பங்குக்கு மேல், குரல் உடையாத இடம்வரை வைத்துவிட்டு, மற்றதைச் செட்டில் கூட்டிக் குறையுங்கள். பெரிய லாரிகளில் 24 வோல்ட். அதில் மாட்டுவதானால் ‘12–24’ என்று அச்சிட்ட சார்ஜரைத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: புது கேபிள் போட்டதிலிருந்து இசை மட்டும் கேட்கிறது, பாடுகிறவர் குரல் எங்கோ கிணற்றுக்குள் கேட்கிறது. செட் போய்விட்டதா? – மூஞ்சிக்கல்

பதில்: செட் நன்றாக இருக்கிறது, கேபிளின் பின்தான் துளைக்குள் சரியாக உட்காரவில்லை. எர்த் தொடர்பு விட்டுப்போனால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஸ்பீக்கருக்கு வரும். பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாகப் பதிவு செய்வதால் அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடுகிறது.

பின்னைக் கையில் எடுத்துக் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு என்றால் சாதா ஸ்டீரியோ. மூன்று என்றால் மைக்குக்கும் சேர்த்துச் செய்தது. சில செட்டுகளில் அது பொருந்தாது. இரண்டு வளையக் கேபிளாக மாற்றுங்கள். வளையம் சரியாக இருந்தும் இப்படி என்றால் போனின் உறையைக் கழற்றிப் பாருங்கள். உறை தடித்திருந்தால் பின் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். இந்தக் கோளாறுக்கு அது போதும்.

கேள்வி: பென்டிரைவில் படவாரியாகப் பாட்டு ஏற்றினேன். செட் தன் இஷ்டத்துக்கு மாற்றிப் பாடுகிறது. சில பாட்டு ஓடவே இல்லை. தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. – தாண்டிக்குடி

பதில்: பல செட்டுகள் அகர வரிசை பார்ப்பதில்லை, எது முதலில் ஏற்றப்பட்டதோ அதை முதலில் பாடும். பென்டிரைவை ஃபேட்32-இல் (பழைய செட்டுகளும் படிக்கும் கோப்பு முறை) ஃபார்மேட் செய்து, ஒவ்வொரு ஃபோல்டராக, வேண்டிய வரிசையில் ஏற்றுங்கள். பாட்டின் பெயருக்கு முன்னால் 001, 002 என்று போடுங்கள். 64 ஜி.பி.யோ அதற்கு மேலோ வாங்கினால் அது பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வரும், பழைய செட்டுகள் பல அதைத் தொடாது. 32 ஜி.பி. போதும், 192 கே.பி.பி.எஸ். தர எம்பி3 என்றால் அதில் சுமார் ஐயாயிரம் பாட்டு பிடிக்கும்.

ஓடாதவை அநேகமாக எம்4ஏ அல்லது ஃபிளாக் என்ற வேறு வகைப் பாட்டுக் கோப்புகள். பெயரின் கடைசியில் எம்பி3 என்று மாற்றி எழுதினால் ஓடாது, கணினியில் முறைப்படி எம்பி3 ஆக மாற்ற வேண்டும். கட்டம் தெரிவது, செட்டில் தமிழ் எழுத்துரு இல்லாததால். இங்கிலீஷ் எழுத்தில் பெயர் வையுங்கள். கோப்பின் பெயரை மாற்றியும் கட்டமே வந்தால், எம்பி3-க்குள் இருக்கும் டேக் (பாட்டின் பெயர்க் குறிப்பு) தமிழில் இருக்கிறது. அதையும் மாற்றுங்கள்.

மெமரி கார்டு போடும் சின்ன பிளேயர்களை யுஎஸ்பி வழியாக இணைத்தால் பல செட்டுகள் பென்டிரைவ் மாதிரியே படித்துவிடும். ஆண்ட்ராய்டு போனை அப்படிப் படிப்பது அபூர்வம், சார்ஜ் மட்டும்தான் ஏறும்.

கேள்வி: பழைய ஜீப்பில் கேசட் செட்தான் இருக்கிறது. பிளேயரை இணைக்க, வயர் வைத்த கேசட் வடிவ அடாப்டர் போட்டால் டக் டக் என்று பக்கம் மாறிக்கொண்டே இருக்கிறது. – பண்ணைக்காடு

பதில்: ஒரு பக்கம் முடிந்ததும் தானே மறுபக்கம் ஓட்டும் ஆட்டோ ரிவர்ஸ் செட் அது. அடாப்டருக்குள் இருக்கும் பற்சக்கரம் இறுகிவிட்டால், நாடா முடிந்துவிட்டது என்று செட் நினைத்துக்கொள்கிறது. குளிர்ந்த காலையில் கிரீஸ் கெட்டிப்படும்போது இது அதிகம் வரும். சக்கரத்தை விரலால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். அடாப்டரின் வயர் கேசட் வாயில் நசுங்காமல் வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். சத்தம் மங்கலாக இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால், செட்டுக்குள் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடையுங்கள், பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை.

கேள்வி: ஆக்ஸில் மாட்டும் புளூடூத் ரிசீவர் வாங்கலாமா? டூரிஸ்ட் வேன். – மன்னவனூர்

பதில்: வாங்கலாம், உங்கள் பிளேயரில் புளூடூத் இருந்தால். உள்ளே பேட்டரி உள்ள ரிசீவராகப் பாருங்கள். லைட்டர் சாக்கெட்டிலிருந்தே கரன்ட் எடுத்து ஆக்ஸிலும் செருகினால், பூம்பாறை வாசகர் சொன்ன அதே ‘உய்ங்’ இதிலும் வரும். போனில் அந்த ரிசீவருக்கு ‘மீடியா ஆடியோ’ மட்டும் வைத்து, ‘போன் கால்’ என்பதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கால் வரும்போதெல்லாம் பயணிகள் முன்னால் ஸ்பீக்கரில் பேச்சு கேட்கும். நெட் பாட்டை நம்பாமல் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள், பாதை முழுக்க டவர் கிடைக்காது.

பிளேயரை ஸ்டாண்டில் வைத்து, பாட்டு வரிசையை வண்டி கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் வரும் குற்றம். மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழி; வளைவுக்கு அந்தப் பக்கம் அது அடிக்கும் ஹாரன் உங்கள் காதில் விழ வேண்டும். ஜன்னலை ஏற்றியபடி, பின்சீட்டில் சாதாரணமாகப் பேசுவது ஓட்டுநருக்குப் புரிகிற அளவுக்கு மேல் வால்யூம் வேண்டாம்.