அடுத்து வரவேண்டிய பாட்டு

அன்புள்ள சார்,

வணக்கம். நான் விருதுநகரில் பிறந்து வளர்ந்தவள். 1990ல் பத்தாவது, 1992ல் பிளஸ் டூ. இப்போது மேடவாக்கத்தில் இருக்கிறேன். போன வருடம் எங்கள் செட் பெண்கள் சேர்ந்து வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். முதல் வாரமே பேச்சு பாட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. ஸ்கூல் படிக்கும்போது கேட்ட பாட்டு என்று ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டே வந்தேன். ‘மாங்குயிலே பூங்குயிலே’, ‘பச்சமலப் பூவு’, ‘போவோமா ஊர்கோலம்’, ‘சின்னத் தாயவள்’ என்று மொத்தம் 43 பாட்டு தேறியது. அப்படியே ஃபோனில் பிளேலிஸ்ட் போட்டு, தினமும் காலையில் மகளைப் பள்ளியில் விடப் போகும்போது காரில் கேட்க ஆரம்பித்தேன்.

முதல் வாரம் பள்ளிக்கரணை சிக்னலில் அழுதேன் சார். தாவணி, சைக்கிள், கெமிஸ்ட்ரி லேப் வாசனை எல்லாம் வந்தது. நாலு மாதம் ஆகிறது. இப்போது ஒன்றுமே வரவில்லை. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, விருதுநகர்தான் வரவில்லை. விளம்பரம் மாதிரி ஓடி முடிந்துவிடுகிறது. பாட்டு தீர்ந்துவிட்டதா, எனக்குத்தான் மரத்துப்போய்விட்டதா?

பி.கு: மகள் ஒன்பதாவது படிக்கிறாள். இதெல்லாம் அவளுக்கு ‘அம்மா பாட்டு’, ஒரே கிண்டல். ஆனால் ஒரு பாட்டு முடிவதற்குள்ளேயே அடுத்த பாட்டைப் பாட ஆரம்பித்துவிடுகிறாள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள தோழிக்கு,

பாட்டு தீரவில்லை. உங்களுக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. அந்த 43 பாட்டும் விருதுநகர் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் பள்ளிக்கரணைக்குக் குடிவந்துவிட்டன. கையைப் பிடித்துக் கூட்டிவந்தது நீங்கள்தான்.

இதைச் சொல்ல நான் என் பஸ்ஸில் ஏற வேண்டும். எங்கள் ஊரில் அப்போது எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம். 1982ல் ஒன்பதாவதுக்குச் சங்கரன்கோவில் போனேன். காலை ஏழே முக்காலுக்கு ஒரு தனியார் பஸ். நாங்கள் ஏறுவதற்கு முன்பே பூச்சந்தைக்குப் போகிற மல்லிகை மூட்டைகள் ஏறி உட்கார்ந்திருக்கும். ஈரச் சாக்கும் மல்லிகையும் டீசலும் கலந்த அந்த வாடை இன்னதென்று உங்களுக்கு என்னால் விளக்க முடியாது, விடுங்கள். அந்த பஸ்ஸில் டேப் இருந்தது. அதற்காகவே முன்னால் வருகிற அரசு பஸ்ஸைப் போகவிட்டு நிற்போம்.

டிரைவர் அண்ணாச்சியிடம் ஏழெட்டு கேசட் இருந்தது. ஆனால் காலை நடைக்கு ஒன்றுதான் போடுவார். ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய அறுபது நிமிஷ கேசட். ஒரு பக்கம் அரை மணி நேரம். பாட்டுக்கு நாலரை நிமிஷம் என்று போட்டுப் பாருங்கள், ஆறு பாட்டு முழுசாக வரும், கடைசியில் மூன்று நிமிஷ டேப் மிஞ்சும். பதிந்து கொடுக்கிற பையன்களுக்கு அதைச் சும்மா விட மனசு வராது. ஏழாவதாக ஒரு பாட்டை ஏற்றிவிடுவார்கள். அது எங்கே அறுபடுமோ அங்கே அறுபடும்.

எங்கள் கேசட்டில் அந்த ஏழாவது பாட்டு ‘இளைய நிலா’. எஸ்.பி.பி. இரண்டாவது சரணத்துக்குள் இறங்கி நாலு வார்த்தை பாடியிருப்பார், ‘டக்’. அப்புறம் இன்ஜின் சத்தம் மட்டும்தான். அண்ணாச்சி ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கேசட்டைத் திருப்பிப் போடுவார். அந்தப் பக்கத்து முதல் பாட்டு ‘சகலகலா வல்லவன்’ படத்து ‘இளமை இதோ இதோ’. எடுத்த எடுப்பில் ஊருக்கெல்லாம் ஹேப்பி நியூ இயர். ஆடி மாசமோ கார்த்திகையோ, எங்களுக்குத் தினமும் எட்டேகால் மணிக்குப் புத்தாண்டு பிறந்துவிடும். படிக்கட்டில் தொங்குகிற அத்தனை பையன்களும் சேர்ந்து ‘ஹேப்பி நியூ இயர்’ என்று கத்துவோம். கண்டக்டர் விசிலை ஊதி ஊதி ஓய்ந்துபோவார். பூ மூட்டைக்கார ஆச்சி ஒருத்தி ஒருநாள், “ஏலே, தினமுமாலே வருசம் பொறக்கும்?” என்று கேட்டாள்.

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் மெல்லிசைக்காரர் ‘இளைய நிலா’ எடுத்தார். நான் மொய்க் கவரோடு வரிசையில் நிற்கிறேன். அவர் இரண்டாவது சரணத்துக்குப் போகப் போக எனக்கு வயிற்றில் என்னவோ இறுகியது. அவர் அறுபடவில்லை. சாவகாசமாகப் பாடி முடித்தார். கை தட்டினார்கள். அடுத்து ஏதோ ஒரு புதுப் பாட்டு. நான் மட்டும் அங்கே நின்றுகொண்டு புத்தாண்டுக்குக் காத்திருந்தேன்.

ஒன்று கவனித்தேன். அறுபட்ட இடத்துக்கு அப்பால் அந்தப் பாட்டில் பஸ் இல்லை. நாலு வார்த்தைவரை மல்லிகை மூட்டை, படிக்கட்டு, தோளில் பை. அதற்கப்புறம் வருவது நல்ல பாட்டு, அவ்வளவுதான். பல வருஷம் கழித்துத்தான் அந்த மிச்சத்தைக் கேட்டேன். அது எனக்கு அறிமுகமில்லாத ஆள் மாதிரி. இன்னொரு வேடிக்கையும் உண்டு. கேசட் டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். எங்கள் பஸ் டேப்பில் பெல்ட் தளர்ந்து, அது தன்னிஷ்டத்துக்குத்தான் ஓடும். அதனால் என் ஞாபகத்தில் எஸ்.பி.பி. குரல் ஒரு சுற்று கனமாக, கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு இருக்கும். ஃபோனில் சுத்தமாகக் கேட்கும்போது யாரோ அவரைப் பின்னாலிருந்து விரட்டுவது போலிருக்கிறது.

இனி உங்கள் பிளேலிஸ்ட். அன்றைக்கு நாம் பாட்டைத் தேடிப் போய்க் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், பக்கத்து வீட்டு ரேடியோ, டீக்கடை, கல்யாண வீட்டு மைக்செட். அது வரும்போது நாம் அங்கே இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. எங்கள் பக்கம் இலங்கை வானொலி. ‘பொங்கும் பூம்புனல்’ முடிவதற்குள் பஸ்ஸுக்கு ஓட வேண்டும் என்பதால் அதிலும் எனக்குப் பாதிப் பாட்டுகள்தான் தெரியும். ‘சின்னத் தாயவள்’ பாட்டை நீங்கள் பிளஸ் டூ முடிக்கும்வரை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? இந்த நாலு மாதத்தில் அதைத் தாண்டியிருக்கலாம்.

நினைவை ஆராய்கிறவர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். ஒரு தூண்டுதலோடு ஒரே ஒரு நினைவு கட்டியிருந்தால் இழுத்ததும் வந்துவிடும். பத்து நினைவைக் கட்டினால் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு எதுவும் லேசில் வராது. ஆணியில் பள்ளிக்கூடப் பை மட்டும் தொங்கியவரைக்கும் ஆணியைத் தொட்டாலே பை கையில் வந்தது. நாலு மாதமாக அதே ஆணியில் கார் சாவி, மகளின் தண்ணீர் பாட்டில், சிக்னல், தண்ணீர் லாரி ஹார்ன், மாவு தீர்ந்துபோன கவலை என்று மாட்டிக்கொண்டே போயிருக்கிறீர்கள். பை அடியில்தான் இருக்கிறது. கைக்கு அகப்படவில்லை.

பட்டியல் போட்டதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஹோல்ப்ரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1989ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மனிதர்களுக்கு மிகவும் பிடிப்பது அவர்களுடைய 23, 24 வயதில் வெளிவந்த பாட்டுகள் என்று. நம் ஊருக்கு இது சரிவராது என்பது என் கட்சி. 23 வயதில் நம் பையன் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு சர்வீஸ் கமிஷன் ரிசல்ட்டுக்காகப் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பான், அவனுக்குப் பாட்டு எங்கே காதில் ஏறும்? அது கிடக்கட்டும். அவர்கள் அளந்தது பிடித்த பாட்டை. பிடித்த பாட்டு வேறு, ஊரைக் கூட்டிவருகிற பாட்டு வேறு. உங்கள் தோழிகள் சொன்ன 43ம் பிடித்த பாட்டுகள்.

அந்தப் பட்டியலில் எத்தனை சாமி பாட்டு? நீங்கள் சொன்ன நாலும் சினிமாப் பாட்டு, மிச்சமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். விருதுநகரில் வளர்ந்த ஒருவர் பங்குனிப் பொங்கலுக்கு எல்.ஆர். ஈஸ்வரி குரலில் ‘செல்லாத்தா’ கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. அதுவும் 1990 பங்குனியில் நீங்கள் பத்தாவது. விடிவதற்கு முன்பே தெருமுனையில் குழாய் ஸ்பீக்கர் அலற, காதைப் பொத்திக்கொண்டு பிதாகரஸ் தேற்றத்தை உருப்போட்டிருப்பீர்கள். மைக்செட்காரரை மனசுக்குள் திட்டியும் இருப்பீர்கள். ஊகம்தான், தப்பென்றால் எழுதுங்கள். அந்தப் பாட்டை வாட்ஸப் குழுவில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், யாருக்கும் அது பிடித்த பாட்டு இல்லையே. அதனாலேயே அது பிரிக்காத பொட்டலமாக அப்படியே கிடக்கிறது. இதைப் படித்துவிட்டு உடனே ஃபோனில் தேடிப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. ஏதோ ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, மேடவாக்கத்துத் தெருக்கோவில் எதிலிருந்தாவது அதுவாக வரும்.

எனக்கு அப்படி ஒன்று வந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து. பள்ளிக்கூடத்தில் அதைவிட அதிகமாக நான் பாடிய பாட்டு வேறு இல்லை. ஆனால் எழுத வந்தபிறகு புத்தக விழாக்களில் எத்தனை நூறு தடவை அதற்கு எழுந்து நின்றிருக்கிறேன், ஒரு தடவைகூடப் பள்ளி வந்ததில்லை. எல்லாம் ஒலித்தட்டில் அளந்து வைத்த எம்.எஸ்.வி.யின் மோகனம். 2021ல் மாநிலப் பாடலாக அறிவித்தபோது 55 விநாடிக்குள் பாட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். போன வருஷம் ஒரு அரசுப் பள்ளி ஆண்டு விழாவில் ஒலித்தட்டு ஓடவில்லை. பிள்ளைகளே பாடினார்கள். இழுவை என்றால் அப்படி ஒரு இழுவை. பின்வரிசை ஒரு வார்த்தை பிந்தி வந்தது. எப்படியும் ஒன்றரை நிமிஷம் ஆகியிருக்கும். சங்கரன்கோவில் பிரேயர் மைதானத்தின் செம்மண் காலடியில் சுட்டது. நாங்களும் அப்படித்தான் பாடுவோம், டிரில் மாஸ்டர் கையால் தாளம் போட்டு இழுத்துக்கொண்டு போனாலும் பின்னாலேயே தங்கிவிடுவோம். தலைமையாசிரியர் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்டார்.

உங்கள் பின்குறிப்பைத்தான் நான் மூன்று தடவை படித்தேன். கார்னல் பல்கலைக்கழகத்தில் கரோல் கிரம்ஹான்ஸல் என்பவர் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பழைய பாட்டுகளைப் போட்டுக்காட்டி, 2013ல் அதைப் பற்றி எழுதினார். தங்கள் அப்பா அம்மாவின் இளமைக்காலத்துப் பாட்டுகளோடும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒட்டுதல் இருந்ததாம். வீட்டில் ஓடிக்கொண்டே இருந்திருக்கும், ஒட்டாமல் எங்கே போகும்? உங்கள் மகள் கிண்டல் செய்கிறாள், சரி. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை எடுக்கிறாள் அல்லவா? அந்த இரண்டு பாட்டுக்கும் இடையில் ஒரு சம்பந்தமும் கிடையாது. வேறு படம், வேறு வருஷம். உங்கள் தோழி ஒருத்தி டைப் செய்ய நேரமானதால் ஒன்று முன்னால் போய், ஒன்று பின்னால் வந்தது. உலகத்தில் வேறு எந்த ரேடியோவிலும் ‘மாங்குயிலே’வுக்கு அடுத்து உங்கள் காரில் வருகிற அந்தப் பாட்டு வரப்போவதில்லை. அவள் ஒருத்திக்குத்தான் அது வரும்.

இன்னும் முப்பது வருஷம் போகட்டும். அவள் எந்த ஊரிலோ, எந்த வரிசையிலோ நிற்கிறாள். எங்கோ ‘மாங்குயிலே’ ஓடுகிறது. அதில் அவளுக்கு விருதுநகர் இருக்காது, பங்குனிப் பொங்கல் இருக்காது. காயாத தலை, முடிக்காத ஹோம்வொர்க், ஏ.சி. காற்று, பள்ளிக்கரணை சிக்னல், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதற்கென்றே தெரியாமல் அழுத அம்மா. பாட்டு முடிகிற நேரத்தில் வாய் தானாகத் திறக்கும்.

ஆகவே நிறுத்த வேண்டாம், ஓடட்டும். உங்களுக்கு ஒன்றும் வராவிட்டாலும் பரவாயில்லை. ஷஃபிளில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்.