பெயரை வெட்டிவிட்டுப் பகிர்கிறார்கள், எப்படிக் கேட்பது?

கேள்வி: சின்னச் சின்னக் கவிதைகள் எழுதி, படத்தின் மேல் வரிகளைப் பதித்து, ஓரத்தில் என் பெயரோடு ஃபேஸ்புக்கில் போடுவேன். பின்னணிப் படங்களை நெட்டில் தேடி எடுத்துக்கொள்வேன். போன மாதம் என் கவிதை ஒன்று, பெயர் இருந்த ஓரம் மட்டும் வெட்டப்பட்டு, நிறையப் பேர் பின்தொடரும் ஒரு பக்கத்தில் வந்தது. மேலே "படித்ததில் பிடித்தது" என்று ஒரு வரி, அவ்வளவுதான். "இது என்னுடையது, ஏன் திருடுகிறீர்கள்?" என்று கமெண்ட் போட்டேன். "நெட்டில் போட்டாலே எல்லாருக்கும் பொதுதானே மேடம்" என்று பதில் வந்தது. வீட்டில், "நாலு பேர் படிக்கிறார்களே, சந்தோஷப்படு" என்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. இது அற்பத்தனமா? மரியாதையாகக் கேட்பது எப்படி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அற்பத்தனம் இல்லை. தான் எழுதியதற்குத் தன் பெயரைக் கேட்பதில் என்ன அற்பம்? "நாலு பேர் படிக்கிறார்களே" என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த நாலு பேருக்கும் எழுதியது நீங்கள் என்று தெரியாது. அடுத்த கவிதையைத் தேடி அவர்கள் அந்தப் பக்கத்துக்குத்தான் போவார்கள், உங்களிடம் வரமாட்டார்கள்.

"நெட்டில் போட்டால் பொது" என்பதும் தவறு. படைப்பாளிகளின் உரிமையைக் காக்க நாடுகள் சேர்ந்து 1886-இல் உருவாக்கிய பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அதன்படி, எழுதி முடித்தவுடனே பதிப்புரிமை உங்களுடையது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, வட்டத்துக்குள் 'சி' போட வேண்டியதும் இல்லை. படைத்தவர் இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 1928-இல் அதே உடன்படிக்கையில் தனியாகவே சேர்க்கப்பட்டது. பதிப்புரிமையை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த பிறகும் இந்த உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது அந்தப் பிரிவு. உங்கள் பக்கத்தை யாரும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறீர்கள். அதைப் படிக்கலாம், பகிர் பொத்தானை அழுத்தலாம். அப்படிப் பகிர்ந்தால் உங்கள் பெயரும் கூடவே போகும். படத்தை இறக்கி, ஓரத்தை வெட்டி, தன் பக்கத்தில் புதிதாக ஏற்றுவது வேறு வேலை.

சரி, எப்படிக் கேட்பது? உங்கள் முதல் கமெண்ட்டில் இருந்த குறை எனக்குக் கண்ணில் படுகிறது. "ஏன் திருடுகிறீர்கள்" என்று எல்லார் முன்னாலும் கேட்டால், எதிரில் இருப்பவர் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். கவிதை பின்னால் போய்விடும். பெரும்பாலும் ஓரத்தை வெட்டியவர் ஒருவர், அதை ஃபார்வர்ட் செய்தவர் இன்னொருவர், பக்கம் நடத்துபவர் மூன்றாமவர். ஆகவே இன்பாக்ஸில் எழுதுங்கள். கோபம் தணிந்த பிறகு, இந்த மாதிரி:

"வணக்கம். உங்கள் பக்கத்தில் 'படித்ததில் பிடித்தது' என்று வந்திருக்கும் கவிதை நான் எழுதியது. என் பக்கத்தில் முதலில் வெளியிட்ட பதிவின் இணைப்பையும், பெயரோடு இருக்கும் முழுப் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்குப் பெயர் இல்லாமலே வந்திருக்கலாம். பதிவின் முதல் வரியில் என் பெயரையும் இணைப்பையும் சேர்த்துவிடுங்கள். இயலாவிட்டால் பதிவை நீக்கிவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் செய்தால் உதவியாக இருக்கும்."

இதில் திட்டும் இல்லை, கெஞ்சலும் இல்லை. எது உங்களுடையது, அதற்கு என்ன ஆதாரம், அவர் என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள் என்ற நாலும் இருக்கின்றன. "முதல் வரியில்" என்று இடத்தையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நானூறு கமெண்ட்டுகளுக்கு அடியில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டு, "போட்டாச்சு மேடம்" என்பார்கள். "நன்றி: கூகுள்", "நன்றி: வாட்ஸ்அப்" என்று போடுகிறவர்களும் உண்டு. கூகுள் எந்தக் காலத்தில் கவிதை எழுதியது?

எழுதுவதற்கு முன்னால் அந்தப் பதிவை, தேதியும் பக்கத்தின் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கேட்டவுடன் பதிவை அழித்துவிட்டு "நான் போடவே இல்லையே" என்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று: பெயர் போடுவதும் அனுமதி வாங்குவதும் ஒன்றல்ல. பெயர் போட்டுவிட்டதாலேயே முழுக் கவிதையையும் எடுத்துப் போடும் உரிமை வந்துவிடாது. விமர்சனம் எழுதுகிறவர் இரண்டு வரியை, எழுதியவர் பெயரோடு மேற்கோள் காட்டலாம், அதற்குச் சட்டமே இடம் தருகிறது. முழுசாகப் போடக் கேட்க வேண்டும். உங்களுக்குப் பெயர் இருந்தால் போதுமா, எடுத்தே போடக் கூடாதா என்பதை முதலில் நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். பெயர் போதும் என்றால், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இதற்காகவே இருக்கின்றன. பெயர் குறிப்பிட்டால் பகிரலாம், வியாபாரத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது என்று வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒருமுறை கொடுத்தால், நிபந்தனையை மதிப்பவரிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. அதனால் யோசித்துக் கொடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். "பின்னணிப் படங்களை நெட்டில் தேடி எடுத்துக்கொள்வேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படத்தை எடுத்தவர் யார்? அவர் பெயர் எங்கே? உங்கள் வரிகளுக்கு ஒரு நியாயம், அவருடைய படத்துக்கு வேறு நியாயம் இருக்க முடியாதே. நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. அந்தப் பக்கம் மசியவில்லை என்றால், அடுத்து ஃபேஸ்புக்கின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும். அதில் "இது என் படைப்பு" என்று உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும். முழுப் படத்துக்கும் அப்படிச் சொல்ல உங்களால் முடியாது, வரிகளுக்கு மட்டும்தான் முடியும். புகாரில் அப்படியே எழுதுங்கள். இனிமேல் சொந்தமாக எடுத்த படத்தையோ உரிமம் தெளிவாக இருக்கும் படத்தையோ பயன்படுத்துங்கள். பழைய பதிவுகளில் படம் எடுத்தவரைக் கண்டுபிடிக்க முடிந்தால் இப்போதாவது கேளுங்கள், முடியாவிட்டால் படத்தை மாற்றிவிடுங்கள். படத்தைக் கொடுத்துத் தேடும் வசதி கூகுள் லென்ஸில் இருக்கிறது, டின்ஐ (TinEye) தளத்திலும் இருக்கிறது. உங்கள் கவிதைப் படங்கள் வேறு எங்கெல்லாம் போயிருக்கின்றன என்று பார்க்கவும் அதுவே உதவும்.

இந்தப் புகார் முறை பல தளங்களில் அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை ஒட்டி நடக்கிறது. புகார் சரியாக இருந்தால் பதிவை எடுத்துவிடுவார்கள். எதிர்த்தரப்பு "என்னுடையதுதான்" என்று மறுப்பு கொடுத்து, நீங்கள் நீதிமன்றம் போகாவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் பதிவு திரும்பிவிடலாம். ஆனால் அடுத்தவர் கவிதையைத் தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடும் துணிச்சல் பலருக்கு வராது.

வாட்ஸ்அப்பில் குழு குழுவாகச் சுற்றுவதை விட்டுவிடுங்கள். அதைத் துரத்தினால் எழுத நேரம் இருக்காது. தெரிந்தவர் யாராவது பெயரில்லாமல் அனுப்பினால், முழுப் படத்தை அங்கேயே போட்டு, "இது நான் எழுதியது, இனி இதை அனுப்புங்கள்" என்று ஒரு வரி எழுதினால் போதும். அப்புறம், அடுத்த படத்தில் பெயரை ஓரத்தில் வைக்காதீர்கள். கடைசி இரண்டு வரிகளுக்கு நடுவில் வையுங்கள். வெட்ட வேண்டுமானால் கவிதையையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டியிருக்கும்.