குட்டை நாற்காலி

கேள்வி: போர் முடிந்த பிறகு இரண்டு ராணுவங்களுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருக்க எதற்கு அமைதிப்படை? இவர்கள் பேச்சை எந்தப் பக்கமாவது கேட்டிருக்கிறதா?

பதில்: உட்காருவது அவ்வளவு லேசான வேலையா? 1951 ஜூலையில் கொரியப் போரை நிறுத்த கேசாங்கில் பேச்சு தொடங்கியது. ஐ.நா. தரப்புத் தலைவரான அமெரிக்க அட்மிரல் டர்னர் ஜாய் உட்கார்ந்தார். ஏறக்குறைய மேஜைக்குக் கீழே போய்விட்டார். அவருக்குப் போட்டிருந்தது குட்டை நாற்காலி. எதிரே வடகொரியத் தளபதி நாம் இல் (அது அவர் பெயர்) உட்கார உயரமான நாற்காலி. ஜாய் வேறு நாற்காலிக்கு மாறுவதற்குள் அந்தப் பக்கத்துப் புகைப்படக்காரர்கள் எடுத்துத் தள்ளிவிட்டார்கள். அப்புறம் மேஜைக் கொடி. ஐ.நா. தரப்பு சின்னதாக ஒன்று வைக்க, வடகொரியர்கள் அதைவிட உயரமாக ஒன்று வைக்க... வெளியே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். (நூல் வெளியீட்டு மேடைகளில் நடு நாற்காலிக்கு நடக்கும் போட்டியை நான் எழுதியபோது 'மிகை' என்று கோபித்துக்கொண்ட கவிஞர் கவனிக்கவும்.)

1953 ஜூலை 27இல் போர்நிறுத்தம். ஊர் திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட கைதிகளை என்ன செய்வது? அந்தத் தலைவலி, கைதிகளுக்கென்று அமைத்த நடுநிலை நாடுகள் ஆணையத்தின் தலைவரான இந்தியாவின் ஜெனரல் திம்மையாவிடம் வந்தது. தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்தியர் கால் தன் மண்ணில் படவே கூடாது என்றார். நம் வீரர்களைக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கி, நேரே இரு ராணுவங்களுக்கும் நடுவிலுள்ள ராணுவமற்ற பகுதியில் இறக்கினார்கள்! கைதிகளை மனம் மாற்ற அவரவர் தரப்புக்கு 90 நாள் அவகாசம். பெரும்பாலான நாள் அது நடக்கவே இல்லை. இரண்டு பக்கமும் திம்மையாவைத் திட்டியது. நடுவில் நிற்பவனுக்கு அதைவிட நல்ல நற்சான்றிதழ் கிடையாது. நடுநிலை என்றால் கோழைத்தனம் என்று மாதம் தவறாமல் எனக்கு எழுதும் பேராசிரியர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். சரி, போகட்டும்.

கேட்டார்களா என்கிறீர்கள். போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கும் நடுநிலை நாடுகள் ஆணையத்தில் ஸ்வீடன், சுவிஸ் அதிகாரிகள் இன்றும் இரு கொரியாக்களின் எல்லையிலுள்ள பான்முன்ஜோமில் இருக்கிறார்கள். கையில் ஆயுதம் கிடையாது. வாராவாரம் கூடி அறிக்கை எழுதுகிறார்கள். வடகொரியாவுக்கான பிரதியை ஒரு தபால் பெட்டியில் போடுகிறார்கள். 1995க்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வந்து அதை எடுப்பதில்லை. இவர்களும் போடுவதை நிறுத்தவில்லை.

கேள்வி அனுப்பிவிட்டு இரண்டாவது இதழிலேயே 'பதில் எங்கே?' என்று சண்டைக்கு வரும் அன்பர்கள் சிலரை அங்கே ஒரு வருடப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.